ஈஸ்டர் ஆட்டுக்குட்டி கேக்: இரண்டு பாதி அச்சில் கழுத்து முறியாமல் சுட்டெடுக்கும் முறை

ஈஸ்டர் பண்டிகைக்குக் கால்களை மடக்கிப் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டியின் வடிவில் கேக் சுடும் வழக்கம் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலும், ஜெர்மனி, போலந்து, செக் நாடுகளிலும் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. ஆட்டுக்குட்டி கிறிஸ்துவின் அடையாளம் என்பது அதற்கு முதல் காரணம். இன்னொரு காரணம் அடுக்களை சார்ந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முன்பெல்லாம் இறைச்சியோடு முட்டையையும் வெண்ணெயையும் விலக்கி வைத்தார்கள். கோழிகள் அந்த நாட்களிலும் முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தன. நோன்பு முடியும் நாளில் வீட்டில் சேர்ந்துவிட்ட முட்டைகளுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. முட்டை நிறையச் செல்லும் இந்தக் கேக் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் இந்த வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் இயங்கிய கிரிஸ்வால்ட் நிறுவனம் ஆட்டுக்குட்டி, முயல் ஆகிய வடிவங்களில் வார்ப்பிரும்பில் செய்த இரண்டு பாதி அச்சுகளைப் பழைய பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அலுமினியத்தில் செய்தவை.

இந்த அச்சை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது, இரண்டு பாதியிலும் மாவுக் கலவையை ஊற்றித் தனித்தனியாகச் சுட்டு, பிறகு கிரீம் தடவி ஒட்டிவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். அப்படி ஒட்டிய கேக்கில் தலையிலிருந்து வால் வரை ஒரு பிளவு இருந்துகொண்டே இருக்கும், கத்தி வைத்ததும் அந்த இடத்தில் விரிந்துவிடும். முகம் இருக்கும் பாதியில் மட்டும் கலவையை நிரப்பி, முதுகுப் பக்கத்துப் பாதியை மூடியாகக் கவிழ்த்து, முகம் கீழே இருக்குமாறு சுடுவதுதான் சரியான முறை. கலவை பொங்கி மேலெழுந்து மூடியின் உட்புறத்தை நிறைக்கும்போது மறுபக்கம் தானாக உருவாகிறது. கேக் ஒரே துண்டாக வெளியே வருகிறது.

நான் இதைச் சுடத் தொடங்கிய காலத்தில் முதல் குட்டியை இழந்தது கழுத்தில்தான். சாதாரணப் பிறந்தநாள் கேக்குக்குப் பயன்படுத்தும் மிருதுவான கலவையை ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது, நன்றாகச் சிவந்தது, அச்சிலிருந்து முழுதாகவும் வந்தது. சூடு ஆறுவதற்கு முன்பே தட்டில் நிமிர்த்தி வைத்தேன். சில நிமிடங்களில் கழுத்தின் பின்புறம் மெல்லிய கோடாக ஒரு விரிசல் தெரிந்தது, தலை மெதுவாக முன்னால் சாய்ந்தது, பிறகு மார்பின் மேல் விழுந்துவிட்டது. விளக்கத்தை அன்று தேட வேண்டியிருக்கவில்லை. தலையின் கனம் முழுவதையும் தாங்குவது மூன்று விரல் பருமனுள்ள கழுத்து. சூடாக இருக்கும் கேக்கில் வெண்ணெய் உருகிய நிலையிலேயே இருக்கிறது, மாவுச்சத்தும் இன்னும் இறுகவில்லை. அந்தக் கனத்தை அது எப்படித் தாங்கும்? கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் இந்தக் கழுத்தைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டவை.

அச்சைத் தேர்ந்தெடுத்தலும் அளந்து பார்த்தலும்

கனமான வார்ப்பு அலுமினியம் எனக்கு மிகவும் பிடித்தது. வெப்பத்தை எல்லாப் பக்கமும் சீராகக் கடத்துவதால் காதும் மூக்கும் கருகுவதற்குள் வயிற்றுப் பகுதி வெந்துவிடுகிறது. மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்த அச்சு விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் அதில் காது முந்திக்கொண்டு சிவந்துவிடும், ஆகையால் வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். கறுப்பு நிற நான்ஸ்டிக் பூச்சுள்ள அச்சுக்கும் இதே கவனம் தேவை. கறுப்புப் பரப்பு வெப்பத்தை அதிகம் உறிஞ்சுவதால் 10 முதல் 15 டிகிரி குறைத்து வையுங்கள். வார்ப்பிரும்பு அச்சு கிடைத்தால் அதைத் தோசைக்கல்லைப் பழக்குவது போலவே எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கிக்கொள்ள வேண்டும். பழகிய பிறகு அது எளிதில் ஒட்டாது, ஆனால் சூடேறவும் ஆறவும் நேரம் எடுத்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் ஓவனின் உள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மூடிய அச்சு ஒரு தட்டின் மேல் அமரும், அதற்கு மேலும் கீழும் காற்று சுழல இடம் வேண்டும். சிறிய ஓ.டி.ஜி. ஓவன்களில் மேல் கம்பிக்கும் அச்சுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லாமல் போனால் மேல்பக்கம் கருகி நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும்.

அச்சு கைக்கு வந்ததும் முதல் வேலை அதன் கொள்ளளவை அறிவது. முகம் உள்ள பாதியை ஆடாமல் நிற்கும்படி வைத்து, அளவுக் கோப்பையால் தண்ணீர் ஊற்றி, விளிம்பு வரை எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். அந்த அளவே உங்களுக்கு வேண்டிய கலவையின் அளவு. அச்சின் உட்புறத்தில் படாதவாறு வெளிப்பக்கத்தில் அழியாத மையால் அதை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை. இரண்டு பாதிகளையும் மூடிப் பார்த்து, விளிம்புகள் சுற்றிலும் பொருந்துகின்றனவா, முதுகுப் பாதியில் ஆவி போகத் துளை இருக்கிறதா என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

அச்சைத் தயார் செய்தல்

வழவழப்பான வட்டத் தட்டுக்கு எப்படித் தடவினாலும் கேக் வந்துவிடும். இந்த அச்சில் கம்பளி ரோமத்தின் சுருள் ஒவ்வொன்றும் ஒரு சிறு பள்ளம். ஒரு பள்ளத்தில் ஒட்டிக்கொண்டாலும் அந்த இடத்தில் தோல் கிழிந்துவிடும். வெறும் எண்ணெய் செங்குத்தான பக்கங்களிலிருந்து வழிந்து மூக்கின் பள்ளத்தில் போய்த் தேங்கும். வெண்ணெயில் நீரும் பால் சத்தும் இருப்பதால் அவை கருகி ஒட்டும். இதற்கு ஏற்றது கெட்டியான வனஸ்பதி. இரண்டு மேசைக்கரண்டி வனஸ்பதி, இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி மைதா மூன்றையும் குழைத்துப் பசை போலாக்கிக்கொள்ளுங்கள். மென்மையான தூரிகையால் இதை இரண்டு பாதிகளின் உட்புறத்திலும், இரண்டும் பொருந்தும் விளிம்புகளிலும் தடவுங்கள். காதின் நுனி, கண் குழி, மூக்கு, முன்னங்கால் இடுக்கு ஆகிய இடங்களில் தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்தித் தடவ வேண்டும். பிறகு அச்சை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தடவாத உலோகம் பளிச்சென்று மின்னிக் காட்டிக் கொடுக்கும். பசை ஓரிடத்தில் தேங்கவும் கூடாது, தேங்கிய இடத்தில் கேக்கின் மேல் வெள்ளைத் திட்டு விழும்.

புட்டியிலிருந்து பீய்ச்சும் எண்ணெயை நான்ஸ்டிக் அச்சில் தொடர்ந்து பயன்படுத்தினால் நாளடைவில் பிசுபிசுப்பான படலம் சேர்ந்துவிடும், தேய்த்தாலும் எளிதில் போகாது. ஆகையால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

கலவை

இதற்கு வேண்டியது கெட்டியான, நெருக்கமான உள்ளமைப்புள்ள பவுண்டு கேக் வகை. சுமார் ஒரு லிட்டர் கலவை பிடிக்கும் அச்சுக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 170 கிராம், சர்க்கரை 200 கிராம், ஓடு நீக்கிய முட்டை 150 கிராம் (நடுத்தர அளவில் மூன்று), மைதா 220 கிராம், சோள மாவு 20 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பால் 120 மி.லி., வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் துருவியது. வெண்ணெய், முட்டை, பால் மூன்றும் ஒரே சூட்டில், அறையின் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த முட்டையைச் சேர்த்தால் வெண்ணெய் திரிந்து கலவை பிரிந்துவிடும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து நெகிழும் வரை மூன்று நிமிடம் அடியுங்கள். வழக்கமான கேக்குக்கு நாம் ஐந்தாறு நிமிடம் அடிப்போம். இங்கே அது வேண்டாம், ஏனென்றால் அதிகக் காற்று புகுந்தால் கேக் மென்மையாகி, கழுத்து பலவீனப்படும். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, முன்னது முழுதும் கலந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். சலித்த மாவு வகைகளை மூன்று தடவையாகவும், இடையிடையே பாலை இரண்டு தடவையாகவும் சேர்த்துக் கலக்குங்கள். மாவு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். கரண்டியால் அள்ளிச் சாய்த்தால் கலவை ஓடாமல் கட்டியாக விழ வேண்டும், அதுதான் பதம். உலர் திராட்சை, முந்திரி, பழத் துண்டுகள் எதையும் சேர்க்காதீர்கள். அவை கழுத்தில் போய் உட்கார்ந்தால் அந்த இடத்திலேயே முறியும், அச்சின் நுண்ணிய வடிவத்தையும் கெடுக்கும்.

நிரப்புதல்

அச்சு நிறையக் கலவையை ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. முதலில் ஒரு சிறு கரண்டியால் மூக்கிலும் இரண்டு காதுகளிலும் மட்டும் கலவையை இட்டு, கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். இந்த நுனிகளில் காற்று சிறைப்பட்டால், வெந்து வரும்போது குட்டிக்கு மூக்கு இருக்காது. மூக்கும் காதும் நிரம்பியதும், மடித்த ஈரத்துணியின் மேல் அச்சைத் தூக்கி நான்கைந்து முறை தட்டுங்கள்; சிறு குமிழிகள் மேலே வந்து உடைவது தெரியும்.

அடுத்து, குச்சிகள். ஒவ்வொரு காதிலும் ஒரு பல்குத்தும் குச்சியைப் படுக்கை வாட்டில், காதிலிருந்து தலைக்குள் செல்லுமாறு வையுங்கள். கழுத்துக்கு, முனை நறுக்கிய மூங்கில் குச்சிகள் இரண்டை, தலையிலிருந்து மார்பு வரை நீளுமாறு அருகருகே வையுங்கள். குச்சிகள் அச்சின் உலோகத்தைத் தொடாமல் கலவைக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நிறம் பூசிய குச்சிகள் வேண்டாம். எத்தனை குச்சி வைத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். இந்தக் கேக்கை முதலில் கேட்டு ஓடி வருவது குழந்தைகள். அவர்கள் வாயில் ஒரு குச்சி அகப்படுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

மீதிக் கலவையை இப்போது சேர்த்து, விளிம்புக்குச் சமமாக, அல்லது அரை விரல் கீழாக நிரப்புங்கள். கழுத்துக்கு நேரான இடத்தில் சற்றே மேடாக இருக்கலாம். விளிம்பில் ஒட்டிய கலவையை விரலால் வழித்து எடுங்கள், இல்லாவிட்டால் மூடி பொருந்தாது. மிஞ்சிய கலவையைச் சிறு கோப்பைகளில் ஊற்றிச் சுட்டுக்கொள்ளலாம். அந்தச் சிறிய கேக்குகள் ருசி பார்க்கவும் உதவும், பின்னால் உடைந்த காதைச் சரிசெய்யவும் உதவும்.

முதுகுப் பாதியைக் கவிழ்த்து மூடியதும், பருத்தி நூல் கயிற்றால் கழுத்திலும் வயிற்றிலும் இரண்டு சுற்றாக இறுக்கிக் கட்டுங்கள். பொங்கும் கலவைக்கு மூடியைத் தூக்கிவிடும் பலம் உண்டு. ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலும் கலவை அந்த வழியே வழிந்து, முதுகு பள்ளமாகிவிடும். நைலான் கயிறு உருகிவிடும், பயன்படுத்தாதீர்கள். கூடவே வரும் கவ்விகள் இருந்தால் அவற்றையே மாட்டலாம்.

சுடுதல்

ஓவனை 170 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே 15 நிமிடம் சூடாக்குங்கள். விசிறி ஓடும் கன்வெக்ஷன் வகை என்றால் 155 போதும். கட்டிய அச்சை, முகம் கீழாக, விளிம்புள்ள தட்டின் மேல் வைத்துக் கீழ்த்தட்டுக்கு ஒரு படி மேலே ஏற்றுங்கள். முகப் பக்கம் மேடு பள்ளமாக இருப்பதால் அச்சு சாயக்கூடும். நான்கு பக்கமும் அலுமினியத் தாளைச் சுருட்டி முட்டுக் கொடுங்கள், ஓர் இட்லிப் பானை சாயாமல் இருக்கச் செங்கல் துண்டு வைப்போமே, அதே வேலைதான். சாய்ந்த அச்சில் வெந்த குட்டி ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் இளைத்தும் வரும்.

நேரம் அச்சையும் ஓவனையும் பொறுத்தது. என் வார்ப்பு அலுமினிய அச்சுக்கு 50 முதல் 60 நிமிடம் ஆகிறது. முதல் 40 நிமிடத்துக்குக் கதவைத் திறக்க வேண்டாம். வெந்துவிட்டதா என்று அறிய, மூடியின் ஆவித்துளை வழியாக நீளமான மெல்லிய மூங்கில் குச்சியைச் செலுத்திப் பாருங்கள். ஈரமாக ஒட்டாமல் வர வேண்டும். அடுக்களை வெப்பமானி இருந்தால் இன்னும் நிச்சயம், வயிற்றின் நடுவில் 97 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுத்துவிடலாம். மூடியில் துளை இல்லையென்றால் 50 நிமிடத்துக்குப் பிறகு கயிற்றை அவிழ்த்து மூடியை நேராக மேலே தூக்கிப் பார்க்கலாம், அதற்குள் முதுகு உருவாகி இறுகியிருக்கும். நடுவில் இன்னும் ஈரம் என்றால் மூடியைத் திரும்ப வைத்து, வெப்பத்தை 10 டிகிரி குறைத்து, பத்து நிமிடம் விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் சுடுவதையே தேர்ந்தெடுங்கள். தட்டையான கேக்கில் வறட்சி பெரிய குறை. இங்கே சற்று வறண்ட கேக் நிற்கும், சற்றே வேகாத கேக் நிற்காது.

திறப்பதும் நிமிர்த்துவதும்

பலருடைய குட்டிகள் சுட்டு முடித்த பிறகுதான் உடைகின்றன. ஓவனிலிருந்து எடுத்த அச்சை, முகம் கீழே இருந்தபடியே, கம்பி வலையின் மேல் 15 நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். இந்த நேரத்தில் கேக் சிறிது சுருங்கி, பக்கங்களை விட்டு விலகும். காதை அருகில் கொண்டுபோனால் சன்னமாகப் பொரிவது போன்ற ஒலி கேட்கும்; அது அடங்கி வரும்போது மூடியைக் கழற்றலாம். கயிற்றை அவிழ்த்து, விளிம்பைச் சுற்றி மெல்லிய மரக்கரண்டியால் நெகிழ்த்தி, முதுகுப் பாதியை நேர் மேலே தூக்குங்கள். ஒரு பெருமூச்சு போல ஆவி கிளம்பும். அந்த ஆவி வெளியேறட்டும். மூடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள்.

பிறகு மூடியைத் திரும்பப் பொருத்தி, இரண்டு பாதிகளையும் சேர்த்து இரு கைகளாலும் பிடித்து, ஒரே அசைவில் திருப்புங்கள். இப்போது முகப் பாதி மேலே இருக்கிறது. அதை உடனே இழுக்காதீர்கள். வால் பக்கத்திலிருந்து தொடங்கி விரல் நுனியால் லேசாகத் தட்டிக்கொண்டே முகம் வரை வந்து, கடைசியாகக் காதுகளின் மேல் தட்டி, பின் நேராகத் தூக்குங்கள். எங்கேயாவது பிடித்துக்கொண்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தின் வெளிப்புறத்தில் ஒரு நிமிடம் வைத்தால் உறைந்த கொழுப்பு இளகி விடுபடும்.

குட்டியை முதுகுப் பாதியிலேயே படுக்க வைத்த நிலையில், அல்லது கம்பி வலையின் மேல் மெத்தென்ற துணி விரித்து அதில் படுக்க வைத்து, முழுதாக ஆறவிடுங்கள். குறைந்தது மூன்று மணி நேரம். ஓர் இரவு விட்டால் மிக நல்லது. நான் சனிக்கிழமை மாலை சுட்டு, ஆறியதும் ஈரம் காயாமல் துணியால் மூடி, மறுநாள் காலையில்தான் நிமிர்த்துகிறேன். அதற்குள் வெண்ணெய் உறைந்து, உள்ளமைப்பு இறுகி, கழுத்துக்குப் பலம் வந்துவிடுகிறது.

நிமிர்த்துவதற்கு முன் அடிப்பகுதியைப் பற்கள் உள்ள கத்தியால் சமமாக அறுத்துவிடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் சாய்வுகூடத் தலையின் பாரத்தை ஒரு பக்கமாகத் தள்ளும். தட்டில் சிறிது பட்டர்கிரீம் தடவி அதன் மேல் உட்கார வைத்தால் நகராது. இரண்டு பாதிகளும் சந்தித்த இடத்தில் சுற்றிலும் மெல்லிய வரம்பு நிற்கும். அதைச் சிறு கத்தியால் சீவி எடுங்கள்.

காது உடைந்துவிட்டால் கலங்க வேண்டாம். உருகிய வெள்ளைச் சாக்லேட்டைத் தடவி, அரைக் குச்சியைக் குத்தி ஒட்டிப் பத்து நிமிடம் குளிரில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். தலையே தனியாக வந்துவிட்டால் மூங்கில் குச்சிகளால் மார்போடு இணைத்து, கழுத்தைச் சுற்றி ரிப்பன் கட்டுங்கள். அல்சாஸில் கழுத்தில் ரிப்பன் கட்டும் வழக்கம் அழகுக்காக ஏற்பட்டதுதான் என்றாலும், ஒட்டுப்போட்ட கழுத்துக்கு அதைவிட நல்ல மறைப்பு இல்லை.

அலங்காரம்

மிக எளிமையானதும் எனக்குப் பிடித்ததும், சல்லடையால் ஐசிங் சுகரைத் தூவுவது. ரோமச் சுருள்களின் மேட்டில் வெண்மையும் பள்ளத்தில் பழுப்பும் தங்கி, அச்சில் செதுக்கிய வேலைப்பாடு அப்படியே தெரியும். அமெரிக்க வீடுகளில் பட்டர்கிரீம் பூசி, அதன் மேல் உலர்ந்த தேங்காய்த் துருவலை அப்பி ரோமம் ஆக்குவார்கள். அப்படிச் செய்வதானால் நம் வீட்டில் துருவும் ஈரத் தேங்காய் உதவாது, விரைவில் கெட்டுவிடும். கடையில் கிடைக்கும் உலர் துருவலையே பயன்படுத்துங்கள். முகத்தில் துருவல் வேண்டாம், வழவழப்பான கிரீம் மட்டும் போதும். கண்களுக்கு உலர் திராட்சை. சிலர் கிராம்பு குத்துவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சாப்பிடும் முன் எடுக்க மறந்தால் கடிபடும். கிரீமை ஒரே இடத்தில் கனமாக அப்பாதீர்கள், குறிப்பாகத் தலையில். அந்தக் கனமும் கழுத்தின் மேல்தான் இறங்கும்.

மண் அச்சும் நின்று வேகும் அச்சும்

அல்சாஸில் இந்தக் கேக்குக்கு லாமாலா என்று பெயர். அங்கே சுஃப்லென்ஹைம் என்னும் குயவர் ஊரில் செய்யும், உட்புறம் மெருகூட்டிய மண் அச்சுகளில் இதைச் சுடுகிறார்கள். முறை முற்றிலும் வேறு. இரண்டு பாதிகளையும் முதலிலேயே சேர்த்துக் கம்பிக் கவ்வியால் பூட்டி, தலைகீழாக நிறுத்தி, அடிப்பக்கத் திறப்பு வழியாகக் கலவையை முக்கால் அளவுக்கு ஊற்றுவார்கள். கலவையும் வெண்ணெய் கனத்ததல்ல. ஒரு முட்டைக்கு 30 கிராம் சர்க்கரை, 20 கிராம் மைதா, 10 கிராம் சோள மாவு என்ற விகிதத்தில், வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்து மெதுவாகச் சேர்க்கும் ஸ்பாஞ்சு வகையை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குட்டி சிறியது, தலையும் இலகுவானது, கழுத்து உடலோடு ஒட்டினாற்போல் இருப்பது. ஆகையால் ஸ்பாஞ்சு தாங்குகிறது. 180 டிகிரியில் 35 முதல் 45 நிமிடம் வேக வேண்டும். மண் அச்சைக் குளிர்ந்த நிலையில் கொதிக்கும் ஓவனுக்குள் வைப்பதும், சூடான அச்சை ஈரத் தரையில் வைப்பதும் விரிசலுக்கு வழி. எங்கள் பக்கத்து மண்சட்டிக்கு உள்ள அதே விதிதான்.

நின்றபடி வேகும் கரடி அச்சுகளிலும் அடியிலிருந்துதான் ஊற்ற வேண்டும். அவற்றில் சிலவற்றோடு நடுவில் செருகும் உலோகத் தண்டு ஒன்று வரும். அதைத் தேவையற்றது என்று ஒதுக்கிவிடாதீர்கள். தடித்த வயிற்றின் நடுவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோவது அதன் வேலை. அதற்கும் பசை தடவி, கேக் சூடாக இருக்கும்போதே சுழற்றி உருவ வேண்டும். அதனால் ஏற்படும் ஓட்டையை மிச்சக் கலவையில் சுட்ட கேக்கைச் செருகி அடைக்கலாம்.

கழுவுதல், வெட்டுதல்

அச்சு ஆறியதும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பல்துலக்கியால் பள்ளங்களைத் தேயுங்கள். அலுமினியத்தைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கறுத்துவிடும். துடைத்த பிறகும் காதிடுக்கில் நீர் நிற்கும். அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் வைத்து உலர்த்தி, இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு காகிதம் வைத்து மூடி வையுங்கள்.

பரிமாறும்போது வால் பக்கத்திலிருந்து, பற்கள் உள்ள கத்தியால், அழுத்தாமல் அறுத்துக்கொண்டே முன்னேறுங்கள். மார்பை நெருங்கும்போது தலையை ஒரு கையால் தாங்கி, கழுத்துக் குச்சிகளை மேலிருந்து உருவி எடுங்கள். காதுகளில் இருப்பவற்றையும் எடுத்த பிறகு, கதவில் ஒட்டிய தாளில் எழுதிய எண்ணிக்கையோடு சரிபார்த்துவிட்டு, தலையைக் காத்திருக்கும் குழந்தையின் தட்டில் வையுங்கள்.